ராத்திரி ஓடிய கம்ப்யூட்டர் காலையில் 'பிணம்'! மதர்போர்டு மேல் பழி போடுவது நியாயமா?

கேளம்பாக்கம்:

ராத்திரி 11 மணி வரை நன்றாக ஓடியது. காலையில் பொத்தானை அமுக்கினால் மூச்சு இல்லை. விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை. ஒரு 'உய்' சத்தம்கூடக் கிடையாது.

வீட்டுக் கம்ப்யூட்டர் இப்படித் திடீரென்று கண்ணை மூடிக்கொள்வது கேளம்பாக்கம் பக்கத்தில் புதிய சங்கதி அல்ல. பழைய மகாபலிபுரம் ரோட்டில், சிறுசேரி சிப்காட்டை ஒட்டி இருக்கிற ஊர் இது. அடுக்குமாடிகளில் கம்ப்யூட்டர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்த பிறகு பல பேருக்கு ஆபீசே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பெட்டி படுத்தால் அன்றைய வேலை படுத்தது. பரீட்சைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாளாக இருந்துவிட்டால்? கேட்கவே வேண்டாம். வீடே அல்லோலகல்லோலம்!

அந்தப் பதற்றத்தில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே இரண்டே நிமிஷத்தில் தீர்ப்பு!

"சார், மதர்போர்டு அவுட்டு."

"ஏம்ப்பா, நேத்து ராத்திரிகூட ஓடுச்சே?"

"அதெல்லாம் அப்படித்தான் சார். இந்த மாடல் போர்டு இப்ப வர்றதில்ல. போர்டு மாத்தினா பிராசசர் மாத்தணும், ராம் மாத்தணும். அதுக்குப் புதுசாவே எடுத்துடுங்க!"

கை நாடி பார்க்காமலே மரணச் சான்றிதழ்! எல்லாக் கடைக்காரர்களும் இப்படி என்று சொல்ல முடியாது. ஒழுங்காகத் திறந்து பார்த்து, "ஒண்ணும் இல்ல சார், ஒயரு லூசா இருந்துச்சு" என்று டீக்காசு மட்டும் வாங்கிக்கொள்கிற நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஆனால் விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொல்கிற வழக்கம் பெருகிவிட்டது. இதை இப்படியே விட்டால் மாசச் சம்பளக்காரன் தலையில் ஒவ்வொரு வருஷமும் துண்டுதான்.

கொலை நடந்த இடத்தில் போலீஸ் என்ன செய்யும்? முதலில் பக்கத்தில் இருந்தவனை விசாரிக்கும். கம்ப்யூட்டர் கதையிலும் அதே நியாயம்தான். பெட்டிக்குப் பக்கத்தில் ராத்திரி பூராவும் இருந்தது யார்? கரண்ட்!

முதல் சந்தேகம் கரண்ட் மீது

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டில் திரும்பினால் உப்பளங்கள் கண்ணில் படும். கடல் காற்று கிழக்கிலிருந்து உப்பை வாரிக்கொண்டு வருகிறது. அந்த உப்பு, சைக்கிள் சக்கரத்தை மட்டுமா அரிக்கிறது? மின் கம்பத்து முடிச்சு, தெருவோர மின்பெட்டியின் போல்ட், வீட்டு மீட்டர் பெட்டி, பிளக் பாயின்டின் பித்தளை, எல்லாவற்றையும் அரிக்கிறது. பச்சை பூத்த செம்பு கரண்டை ஒழுங்காகக் கடத்தாது.

இதில் பெரிய வில்லன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் நியூட்ரல்.

தெருவுக்கு வருகிற லைனில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேசும் அந்தப் பொது நியூட்ரலும் சேர்ந்து 230 வோல்ட் தருகின்றன. இரண்டு பேசுக்கு இடையே அளந்தால் 400 வோல்ட். கம்பத்திலோ மின்பெட்டியிலோ நியூட்ரல் முடிச்சு விட்டுப்போனால் என்ன ஆகும்? ஒரு பேசில் இருக்கிற வீடும் அடுத்த பேசில் இருக்கிற வீடும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும். அந்த 400 வோல்ட்டை அவைகளே பங்கு போட்டுக்கொள்ளும். ஏசி, கெய்சர் ஓடுகிற வீட்டில் விளக்கு அழுது வடியும். ஒரு பல்பும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு 300, 350 வோல்ட் என்று எகிறிப் பாயும்!

கம்ப்யூட்டருக்குள் கரண்டை வாங்கிப் பிரிக்கிற டப்பாவுக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். பெரும்பாலானவை 264 வோல்ட் வரைதான் தாக்குப் பிடிக்கும். அதற்கு மேல் போனால் 'டப்'!

விளக்கு திடீரென்று கண்ணைக் கூசும்படி எரிந்தாலோ, விசிறி பேய் பிடித்த மாதிரி சுற்றினாலோ, யோசிக்கக் கூடாது. ஓடிப் போய் மெயினை அணைக்க வேண்டும். "ஆகா, இன்னிக்கு கரண்ட் நல்லா வருதே" என்று சந்தோஷப்பட்டவர்கள் டி.வி., பிரிஜ், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஒரே நாளில் கருமாதி செய்த கதை தென் புறநகரில் சொல்லித் தீராது.

2016 டிசம்பர் 12ந் தேதி வர்தா புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து, பல இடங்களில் நாள் கணக்கில் இருட்டு. கரண்ட் திரும்பி வந்தபோது ஒழுங்காக வந்ததா? வந்தது, போனது, மறுபடி வந்தது. கரண்ட் இல்லாத நேரம் கம்ப்யூட்டருக்கு ஆபத்து இல்லை. திரும்பி வருகிற அந்த நிமிஷம்தான் ஆபத்து. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கி வைத்து, வந்து பத்து நிமிஷம் கழித்துச் சொருகுகிறவர் புத்திசாலி.

இடி மின்னல் நேரத்தில் டி.வி. பிளக்கைப் பிடுங்குகிற பாட்டிகள் எல்லா வீட்டிலும் உண்டு. பிராட்பேண்ட் ஒயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மின்னல் அந்த வழியாகவும் உள்ளே நுழையும்.

ராத்திரி உயிரோடு, காலையில் சாவு ஏன்?

"ஆப் பண்ணிட்டுத்தானே படுத்தோம்?" என்று கேட்பார்கள். அங்கேதான் சூட்சுமம்.

கம்ப்யூட்டரை ஆப் செய்தாலும், சுவரில் இருக்கிற சுவிட்ச் போட்டே இருந்தால், எஸ்.எம்.பி.எஸ். முழுசாகத் தூங்குவதில்லை. பொத்தானை யாராவது அமுக்குகிறார்களா என்று காத்திருப்பதற்காக 5 வோல்ட்டை மட்டும் விடிய விடிய கொடுத்துக்கொண்டே இருக்கும். வாட்ச்மேன் மாதிரி! 1995ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு மேஜைக் கம்ப்யூட்டர்கள் இப்படித்தான். ஆகவே ராத்திரி 2 மணிக்கு வோல்டேஜ் எகிறினாலும் அடி விழுவது அந்த வாட்ச்மேன் தலையில்தான். வாட்ச்மேன் செத்தால், காலையில் பொத்தானை அமுக்கும்போது கேட்பதற்கு ஆள் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே கப்பாசிட்டர் என்று சிறிய உருளைகள் இருக்கும். வயசாகி உள்ளே இருக்கிற திரவம் வற்றினால், சூடாக இருக்கிற வரை ஒப்பேற்றும். ராத்திரி பூரா ஆறிப் போனால் காலையில் கிளம்பாது. பழைய லாரி மாதிரி. ஓடுகிற வரை ஓடும், நிறுத்தினால் தள்ள வேண்டும்!

இந்தக் கப்பாசிட்டர் உலகத்தையே ஒரு காலத்தில் ஆட்டி வைத்தது. 2000ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மட்டமான திரவம் நிரப்பிய கப்பாசிட்டர்கள் சந்தைக்கு வந்து, உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் போர்டுகளில் உப்பி வெடித்தன. அமெரிக்காவின் டெல் கம்பெனி 2005ல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கியது. பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி! உள்ளூர்க் கடையில் '450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டி, கையில் எடுத்தால் தீப்பெட்டி கனம் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். எத்தனை நாள் வரும்?

வீட்டிலேயே செய்யலாம்

கடைக்குத் தூக்குவதற்கு முன்னால் கால் மணி நேரம் போதும். ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம்.

கம்ப்யூட்டர் சொருகியிருந்த அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் நிரபராதி! ஏறினாலும் எக்ஸ்டென்ஷன் பாக்சை நம்பக் கூடாது. ஒரே பாக்சில் அயர்ன் பாக்சும் சொருகி, உள்ளே கருகிப் போயிருக்கும். சார்ஜருக்குப் போதுமான பிடிப்பு கம்ப்யூட்டருக்குப் போதாது. நேராகச் சுவரில் சொருக வேண்டும்.

நடுவில் யு.பி.எஸ். இருந்தால் அதையும் ஒதுக்கி வைக்க வேண்டும். அதன் பேட்டரிக்கு இரண்டு மூன்று வருஷம்தான் ஆயுசு. பேட்டரி செத்த யு.பி.எஸ். 'கீ... கீ...' என்று கத்திவிட்டுக் கம்ப்யூட்டரையும் சேர்த்து அமுக்கிவிடும். பழி மட்டும் கம்ப்யூட்டருக்கு!

பின்னால் சொருகுகிற தடி ஒயரை எலி கடித்திருக்கலாம். வீடு பெருக்குகிற அம்மா துடைப்பத்தால் தட்டியதில் பாதி கழன்றிருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது ஆப் ஆகியிருக்கலாம். பழைய பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்சும் உண்டு. குழந்தைகள் விளையாட்டாக அதை 115க்குத் தள்ளிவிட்டால் அடுத்த தடவை வெடிதான். அந்தச் சுவிட்சை டேப் போட்டு ஒட்டி வைப்பது உத்தமம்.

அப்புறம், பிளக்கை முழுசாகப் பிடுங்கிவிட்டு, பொத்தானை 20, 30 எண்ணும் வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். வோல்டேஜ் ஆட்டத்தில் பயந்துபோய்த் தன்னைத் தானே பூட்டிக்கொண்ட எஸ்.எம்.பி.எஸ். இதற்கு மசிவது உண்டு. லேப்டாப்புக்கும் இதே வைத்தியம்தான். சார்ஜரைக் கழற்றி, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் கழற்றி, 30 எண்ணும் வரை பொத்தானை அமுக்கி, பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். கேட்டால் சிரிப்பாக இருக்கும். எத்தனையோ 'மதர்போர்டு அவுட்டு' கேசுகள் இதிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன!

எல்லாம் செய்தும் அசையவில்லையா? அடையாளங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மவுசின் சிவப்பு விளக்காவது எரிகிறதா? எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.சுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பொத்தானே பழுதாகி இருக்கலாம். சைக்கிள் மணி விலைக்கு அடங்குகிற சாமான் அது. விசிறி ஒரு வினாடி சுற்றி நின்றுவிடுகிறதா? உள்ளே எங்கோ ஷார்ட். விசிறி ஜோராகச் சுற்றுகிறது, படம் மட்டும் வரவில்லையா? அது வேறு கேஸ். கரண்ட் தப்பித்துக்கொண்டது, ராமை விசாரிக்க வேண்டும்.

ராம் என்பது போர்டில் செங்குத்தாகச் சொருகியிருக்கும் சின்ன அட்டை. அதன் தங்கப் பல்லில் உப்புக் காற்றும் தூசியும் படிந்துவிடும். ரிச்சி தெருவில் பழம் தின்று கொட்டை போட்ட மெக்கானிக்குகள் பள்ளிக்கூடப் பையனின் அழி ரப்பரால் அந்தப் பல்லைத் தேய்த்து மறுபடி சொருகுவார்கள். 'பீப்' என்று சத்தம் வரும், படம் வந்துவிடும். ரப்பர் விலை என்ன? அஞ்சு ரூபாய்!

கடிகாரத்துக்கு இருக்கிற பொத்தான் பேட்டரியைச் சிலர் குற்றவாளி ஆக்குவார்கள். பெரும்பாலும் அது செத்தால் தேதி மாறுமே ஒழியக் கம்ப்யூட்டர் சாகாது. சில போர்டுகள் மட்டும் முரண்டு பிடிக்கும்.

பல்லி விழுந்த பலன்!

பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியல் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.சில் விழுந்தால் என்ன பலன் என்று எந்த ஜோசியரும் எழுதவில்லை.

இது வேடிக்கை இல்லை. ராத்திரியில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இளஞ்சூடு இருக்கும். பல்லிக்கும் கரப்பானுக்கும் எறும்புக்கும் அது சுகவாசம். இரண்டு கால் ஒரு கம்பியிலும் வால் இன்னொரு கம்பியிலும் பட்டால் பல்லியும் காலி, பெட்டியும் காலி. பின்பக்கத்தில் மூடி இல்லாமல் திறந்து கிடக்கிற பட்டைகளை அடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குக் காசே வேண்டாம், ஓர் அட்டை போதும்.

உயிருக்கே ஆபத்து!

இங்கே ஓர் எச்சரிக்கை. கைத்தொழில் தெரிந்தவர்கள் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றலாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைப் பிரிக்கவே கூடாது. உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிட்டர் 230 வோல்ட்டை 325 வோல்ட்டாகப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அதில் அடி இருக்கும். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்து எஸ்.எம்.பி.எஸ்.சைச் சோதிப்பார்களே, அதுவும் பழகின மெக்கானிக்கின் வேலை. வீட்டுக்காரர் கம்பியை வளைத்துக்கொண்டு இறங்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரலில் 'சுருக்' என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். மூணு முள் பிளக்கில் பெரிய முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் பாயின்டில் சொருகுகிற வீடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. வாடகை வீடுகளில் மூணு ஓட்டை இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது! அடுக்குமாடி கட்டி விற்கிறவர்கள் மார்பிள் போடுகிறார்கள், லிப்டு வைக்கிறார்கள். எர்த் குழியில் தண்ணீர் ஊற்ற ஆள் வைப்பதில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று மெயின் போர்டில் இருந்தால் பிள்ளை குட்டிகள் பிழைக்கும். வீடு வாங்குகிறவர்கள் பூஜை அறை எந்தத் திசை என்று கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

கடையில் ஜாக்கிரதை

மெக்கானிக்கிடம் போவது என்று முடிவாகிவிட்டால் முதலில் ஒரே ஒரு கோரிக்கை: "தம்பி, வேற எஸ்.எம்.பி.எஸ். போட்டு அஞ்சு நிமிஷம் பாருப்பா." நல்ல கடைக்காரர் சொல்லாமலே செய்வார். வேறு டப்பா போட்டதும் உயிர் வந்தால் மதர்போர்டு தப்பித்தது. புது எஸ்.எம்.பி.எஸ்.சோடு வீட்டுக்கு வந்துவிடலாம். மாட்டேன் என்கிறவர் கடையிலிருந்து பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொள்வது நல்லது. ரிச்சி தெரு இங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் பஸ் இருக்கிறது.

விட்டுவிட்டு வருவதானால் சீட்டு இல்லாமல் வரக் கூடாது. ராம் எத்தனை, டிஸ்க் எத்தனை, சீரியல் நம்பர் என்ன என்று எழுதி வாங்க வேண்டும். செல்போனில் உள்ளே படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்க வேண்டும். 16 ஜி.பி. ராம் போட்ட பெட்டி 8 ஜி.பி.யோடு திரும்பி வந்தால் அப்போது யாரிடம் போய் அழுவது?

சாமான் போனால் காசோடு போகும். உள்ளே இருக்கிற குடும்பப் படங்கள், பேங்க் காகிதங்கள் போனால்? ஆங்காங் நடிகர் எடிசன் சென் 2006ல் தன் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொடுத்தார். உள்ளே இருந்த அந்தரங்கப் படங்களைக் கடை மெக்கானிக் ஒருவர் நகல் எடுத்தார். 2008 ஜனவரியில் அவை வெளியே வந்து ஊர் நாறியது. சில நடிகைகளின் வாழ்க்கை சின்னாபின்னம். அந்த மெக்கானிக்குக் கோர்ட்டு 2009ல் எட்டரை மாத ஜெயில் தண்டனை கொடுத்தது. நம் நாட்டிலும் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் தகவலைத் திருடினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66வது பிரிவில் 3 வருஷம் வரை உள்ளே தள்ளலாம்.

அதனால் கரண்ட் கோளாறுக்குக் கொடுக்கும்போது டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் இல்லாமலே கம்ப்யூட்டருக்கு உயிர் வருகிறதா என்று பார்க்க முடியும். "டிஸ்க் இருந்தாத்தான் பார்க்க முடியும்" என்று சொல்கிறவரைச் சந்தேகிக்கலாம். பெட்டி செத்தாலும் பெரும்பாலும் டிஸ்க் சாவதில்லை. அவசரத்துக்கு அதை ஒரு யு.எஸ்.பி. கூட்டில் போட்டுப் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் பையனின் புராஜெக்ட் கிடைத்துவிடும்.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். 1915 என்ற நம்பரில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரையிலான கேசுக்குக் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. கையில் பில்லும் சீட்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பில் இல்லாமல் "ஜி.எஸ்.டி. மிச்சம் சார்" என்று சொன்னதற்கு மயங்கியவருக்கு அங்கே வேலை இல்லை.

ஈ.பி. என்ன செய்கிறது?

1957ல் மின்சார வாரியம் என்று பிறந்தது, 2010ல் டான்ஜெட்கோ ஆனது, 2024ல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆகிவிட்டது. பெயர் இரண்டு தடவை மாறினாலும் ஜனங்களுக்கு இன்னும் ஈ.பி.தான். கம்பத்து நியூட்ரலும் மாறவில்லை!

மீட்டர் வரைக்கும் பொறுப்பு மின் கழகத்துடையது. மீட்டருக்கு உள்ளே வீட்டுக்காரருடையது. இதை இரண்டு தரப்பும் மறந்துவிடுகின்றன. ஒரு தெருவில் ஒரே நாளில் நாலு வீட்டில் டி.வி.யும் கம்ப்யூட்டரும் எரிந்தால் அது வீட்டு ஒயரிங் குற்றம் ஆகாது. நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து 94987 94987 என்ற 'மின்னகம்' நம்பரில் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். 2021ல் தொடங்கிய நம்பர் இது. ஆளாளுக்குத் தனித்தனியாக லைன்மேனைப் பிடித்து ஐம்பது ரூபாய் கொடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டால் புகாரே பதிவாகாது. பதிவாகாத குற்றம் நடக்காத குற்றம். போலீஸ் ஸ்டேஷன் கணக்கும் அதுதான்.

அங்கே கேட்காவிட்டால் மின் நுகர்வோர் குறை தீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்சாரக் குறை தீர்ப்பாளர் என்று 2003ம் ஆண்டு மின்சாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமைகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. எரிந்த எஸ்.எம்.பி.எஸ்.சைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்து, எரிந்த தேதியையும் மணியையும் எழுதி வைத்தவர்களால்தான் அங்கே பேச முடியும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முன்னால் மரக் கிளை வெட்டுவதற்கென்று ஒரு நாள் முழுக்கக் கரண்டை நிறுத்துகிறார்கள். பொதுமக்களும் பொறுத்துக்கொள்கிறார்கள். அதே நாளில் ஒரு ஸ்பானரோடு கேளம்பாக்கம், படூர், தையூர் தெருக்களில் இருக்கிற மின்பெட்டிகளைத் திறந்து, உப்புப் பூத்த நியூட்ரல் போல்ட்டைச் சுரண்டி முறுக்கிவிட்டுப் போகலாமே? பெட்டிக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது.